வழிகாட்டிப் புத்தகமும் வாய்ருசியும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எல்லாம்தான் கைப்பேசியில் வந்துவிட்டதே, இனிமேல் ஊர் சுற்றிப் பார்க்கப் புத்தகம் எதற்கு?" என்று நம் காரியதரிசி என்னைக் கேட்டார். "அதையே பேசிவிடுங்களேன்" என்று சொல்லி இந்த மேடையிலும் ஏற்றிவிட்டார். கேள்வி நியாயமானது. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் நம் பேரன் பேத்திகள், பெங்களூரில் எந்த ஓட்டலில் தோசை நன்றாக இருக்கும் என்று நம்மைக் கேட்பதில்லை. கைப்பேசியைத் தட்டுகிறார்கள். அது நாலரை நட்சத்திரம் காட்டுகிறது. போய் வரிசையில் நிற்கிறார்கள்.

அதில் தவறில்லை. ஆனால் கைப்பேசி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதைச் சொல்கிறது. அந்தப் பதார்த்தம் ஏன் இந்த ஊரில் பிறந்தது, எந்த மாதத்தில் சாப்பிட வேண்டும், அதன் பெயருக்கு என்ன அர்த்தம், பரிமாறுகிறவரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதை எல்லாம் நல்ல வழிகாட்டிப் புத்தகம் சொல்லும்.

இந்த வகைப் புத்தகம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்கிறோம். லண்டனில் ஜான் மர்ரே கம்பெனி 1836-ல் கையேடு போட ஆரம்பித்தது. ஜெர்மனியில் பேடெக்கர். நம் தேசத்துக்கென்று ஈஸ்ட்விக் என்பவர் எழுதிய மர்ரே கையேடு, சென்னை, பம்பாய் ராஜதானிகளைப் பற்றி 1859-ல் வந்தது. 1900-ல் பிரான்ஸில் மிஷ்லின் என்ற டயர் கம்பெனி ஓட்டல் கையேடு ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. ஜனங்கள் காரில் நிறைய ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1973-ல் ஆரம்பித்த லோன்லி பிளானட் 1981-ல் இந்தியாவுக்கு ஒரு தடிமனான புத்தகம் போட்டது. முதுகில் மூட்டையோடு வந்த வெளிநாட்டு இளைஞர்கள் பலர் அதைக் கையில் வைத்திருந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆனால் இவர்களுக்கெல்லாம் ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கும் முன்பே தமிழில் ஆற்றுப்படை இருக்கிறது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனிடம், "இந்த வழியாகப் போ, இன்னின்ன இடத்தில் தங்கு, இன்னது சாப்பிடக் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்புகிறான். வழி, காலம், உணவு, உபசாரம் எல்லாம் அதில் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1889-ல் பத்துப்பாட்டைப் பதிப்பித்திராவிட்டால் இந்தச் செல்வம் நமக்கு இத்தனை சுலபமாகக் கிடைத்திருக்காது.

அதில் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகும் வழி அதில் விரிகிறது. இடையர் குடியிருப்பில் தினைச் சோறும் பாலும் கிடைக்கும். முல்லை நிலத்து ஊரில் வரகுச் சோற்றோடு வெந்த அவரைப் பருப்பு கிடைக்கும். மறை ஓதும் அந்தணர் வீடுகளும் வழியில் வருகின்றன. அங்கே என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? பறவையின் பெயர் கொண்ட நெல்லின் சோறு. மாதுளம்பிஞ்சை வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த கறி. அதற்குத் தொட்டுக்கொள்ள மாவடு! நம் அகத்து ஜாடியில் இன்றும் ஊறுகிற மாவடுவுக்கு இத்தனை பழைய சாட்சி இருக்கிறது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் போகிறவன் அந்த வீட்டு ஜாதிக்காரன் அல்ல. யாழ் மீட்டிப் பிழைக்கும் பாணன். வழியில் இருக்கும் எல்லா நிலத்து ஜனங்களுடைய உணவையும் அவன் ருசி பார்த்துக்கொண்டே போகிறான். வேற்று வீட்டு இலையில் மரியாதையோடு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அந்த ஊரைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது ஆற்றுப்படை நமக்குச் சொல்லாமல் சொல்லும் பாடம்.

இப்போது பெங்களூருக்கு வருகிறேன். நல்ல புத்தகத்தால் மூன்று உபயோகங்கள். ஒன்று காலம், இரண்டு காரணம், மூன்று சொல்.

முதலில் காலம். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர் மார்க்கெட்டில் அவரைக்காய் மலைபோலக் குவியும். பனிக்காலத்து அவரைக்கு ஒரு தனி வாசனை உண்டு. அதைக் கன்னடக்காரர்கள் 'சொகடு' என்கிறார்கள். விஸ்வேஸ்வரபுரம் தின்பண்டத் தெருவில் ஜனவரியில் அவரைபேளெ மேளா என்று ஒரு திருவிழாவே நடந்து வந்தது. அவரையில் தோசை, உப்புமா, ஹோளிகே, ஜிலேபி என்று எதையும் விட்டுவைப்பதில்லை. சித்திரையில் வந்து அவரையைத் தேடுகிறவனுக்கு எத்தனை நட்சத்திரம் போட்ட ஓட்டலும் அந்த ருசியைத் தர முடியாது.

கார்த்திகை மாதக் கடைசி திங்கட்கிழமை பசவனகுடியில் கடலைக்காய் பரிஷெ. பெரிய நந்தி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நிலக்கடலை விற்பனை. வயலில் புகுந்து கடலைச் செடியைத் தின்ற காளைக்கு விவசாயிகள் முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள் என்பது ஐதீகம். நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர் என்பதை நினைத்துப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். வந்தேறிய பயிருக்கு ஒரு திருவிழாவே எடுத்துச் சொந்தமாக்கிக்கொண்ட ஊர் இது. பிழைக்க வந்த நமக்கு அதில் ஆறுதல் உண்டு.

இரண்டாவது காரணம். ரவா இட்லியை எல்லோரும் சாப்பிடுகிறோம். அது ஏன் பிறந்தது? 1924-ல் மையா சகோதரர்கள் ஆரம்பித்த ஸ்தாபனம்தான் பிற்பாடு எம்.டி.ஆர். என்று புகழ்பெற்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்ததால் ரவையில் இட்லி செய்து பார்த்தோம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இது தெரிந்து சாப்பிட்டால் அந்த இட்லியில் முந்திரியோடு கொஞ்சம் சரித்திரமும் கடிபடும்.

ஐயங்கார் பேக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கும் ஐயங்காருக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த எச்.எஸ். திருமலாச்சார் குடும்பத்தினர் 1898-ல் சிக்கபேட்டையில் ஆரம்பித்த பி.பி. பேக்கரிதான் முதலாவது என்று சொல்வார்கள். ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவது கன்னடம் கலந்த ஒரு தமிழ். பல நூற்றாண்டுகளாகக் கர்நாடகத்தில் வாழ்ந்தும் அகத்தில் தமிழை விடாமல், வெளியே முழுக்க இந்த மண்ணின் மனிதர்களாகிவிட்டவர்கள். நமக்கு நல்ல முன்மாதிரி அவர்கள்.

மாத்வ அகத்துச் சமையலுக்கும் காரணம் உண்டு. சாதுர்மாஸ்யத்தில் முதல் மாதம் காய்கறி இல்லை. இரண்டாம் மாதம் தயிர் இல்லை. மூன்றாவது பால் இல்லை. நான்காவது இரண்டாக உடையும் பருப்பு வகைகள் இல்லை. இத்தனை கட்டுப்பாட்டுக்குள் ருசியாகச் சமைத்துப் பழகிய ஊரிலிருந்துதான் உடுப்பி ஓட்டல்கள் கிளம்பின. மடி, ஆசாரம் என்பதால் வெளியே சாப்பிடத் தயங்குகிற நம் மாமா மாமிகளுக்கு, வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் எங்கே, எந்த நாளில் கிடைக்கும் என்று ஒரு புத்தகம் சொன்னால், அவர்களும் துணிந்து வெளியே கிளம்புவார்கள்.

மூன்றாவது சொல். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பழைய கன்னடத்தில் 'ப' என்று ஆரம்பித்த பல சொற்கள் பிற்காலத்தில் 'ஹ' ஆகிவிட்டன. இந்த ஒரு சூத்திரம் தெரிந்தால் பாதிக் காய்கறிக் கடை நமக்குப் புரிந்துவிடும். பால் ஹாலு. பழம் ஹண்ணு. பூ ஹூவு. புளி ஹுளி. பசு ஹசு. நம்முடைய சாம்பாருக்கு அவர்கள் 'ஹுளி' என்பது புளியிலிருந்து வந்ததுதான். தோலைப் பிதுக்கி எடுத்த அவரைப் பருப்பு 'ஹிதுகித பேளெ'. வட ஆற்காட்டுப் பக்கத்தில் அதையே பிதுக்கம் பருப்பு என்பார்கள். பலாவுக்கு ஹலசு, அல்சூர் என்று நாம் சொல்லும் ஹலசூரு அந்தப் பலாமரத்தின் பெயரால் வந்தது என்பார்கள்.

'சாரு' என்றால் ரசம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பழச்சாறு என்று நினைத்து விழிப்பார்கள். ஆனால் வைஷ்ணவ அகங்களில் ரசத்துக்குச் சாத்தமுது என்கிறோமே, அது சாற்று அமுது. அவர்கள் சாறு என்பதோடு நாம் அமுதைச் சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். மஜ்ஜிகே ஹுளி நம் மோர்க்குழம்பு. கோசம்பரி நம் கோசுமல்லி. ராகி முத்தெ நம் களி. அதை மெல்லாமல் சாற்றில் தோய்த்து விழுங்க வேண்டும். அதை மென்று பார்த்துவிட்டு, பல்லில் ஒட்டுகிறது என்று குறை சொல்கிறவர்களுக்குப் புத்தகத்தில் ஒரு வரி போதும். முத்தெயும் அவரைக்காய்ச் சாறும் சேர்ந்தால், அந்தப் பாணன் சாப்பிட்ட சிறுதானியமும் அவரையும்தானே!

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதல் குறை, அச்சான மறுநாளிலிருந்து புத்தகம் பழசாகத் தொடங்கும். அவரைபேளெ மேளா பிற்பாடு தின்பண்டத் தெருவிலிருந்து நேஷனல் கல்லூரி மைதானத்துக்குப் போய்விட்டது. மகாத்மா காந்தி சாலையில் அரை நூற்றாண்டு இருந்த இந்தியா காபி ஹவுஸ் 2009-ல் சர்ச் தெருவுக்கு மாறியது. மல்லேஸ்வரத்தில் 1954 முதல் நடந்த நியூ கிருஷ்ணா பவன் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பழைய புத்தகத்தை நம்பிப் போகிறவன் பூட்டிய கதவைத்தான் பார்ப்பான்.

இரண்டாவது குறை, ஒரு புத்தகத்தில் எழுதியதையே அடுத்த புத்தகமும் எழுதும். அதே பத்து இடங்கள். காந்தி பஜார் வித்யார்த்தி பவன் 1943-ல் மாணவர்களுக்கென்று ஆரம்பித்த சின்னக் கடை. பெயரே அதைத்தான் சொல்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். அந்தத் தோசை அத்தனை புகழுக்கும் தகுதியானது, சந்தேகமில்லை. ஆனால் கூட்டமெல்லாம் ஒரே வாசலில் நின்றால், நாலு தெரு தள்ளி அதே பக்குவத்தில் வார்த்துப் போடுகிற பெயர் தெரியாத கடை நஷ்டப்பட்டு மூடிவிடுகிறது.

மூன்றாவது குறை பெரியது. வெளியிலிருந்து வருகிறவன் எழுதும் புத்தகத்தில் நம்முடைய சம்பந்தம் வருவதில்லை. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் 1898-ல் பிளேக் வந்தபின் உருவான பேட்டைகள் என்று எழுதுவார்கள். காடு மல்லேஸ்வரர் கோயிலில் 1669-ம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று, சிவாஜியின் சகோதரர் ஏகோஜி ஒரு கிராமத்தைத் தானம் செய்ததைச் சொல்கிறது. அந்த ஏகோஜிதான் சில வருஷங்களில் தஞ்சாவூருக்குப் போய் மராட்டிய ஆட்சியை ஸ்தாபித்தவர். தஞ்சாவூரிலிருந்து நம் முன்னோர்கள் மல்லேஸ்வரம் வந்தார்கள்; அவர்களுக்கு இருநூறு வருஷங்களுக்கும் முன்னால் ஒரு ராஜா இங்கிருந்து தஞ்சாவூர் போனார். தொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகளே இருக்கின்றன. பி.எல். ரைஸ் 1905-ல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால், இந்தப் பக்கத்தில் தமிழ் எத்தனை பழையது என்று தெரியும்.

கரகத்தைச் சொல்லாமல் விட முடியாது. சைத்ர மாதப் பௌர்ணமி இரவு, தர்மராயசுவாமி கோயிலிலிருந்து திகளர் சமூகத்துப் பூசாரி ஒருவர் திரௌபதியின் சக்தியாகக் கரகத்தைத் தலையில் ஏந்திப் பழைய பேட்டைத் தெருக்களில் வருவார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று போகும். ஆற்காட்டுப் பக்கத்தில் திரௌபதி அம்மன் விழா பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கிறோம்? கையை உயர்த்தச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நாம் நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிறோம். மயிலாப்பூரில் எந்தக் கடையில் எந்த அப்பளம் என்று நமக்குத் தெரியும். கும்பகோணத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ரயில் ஏறும்போது ஸ்தல புராணத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நாம் குடியிருக்கும் ஊரில் ரயில் பெட்டியில் உட்கார்ந்த மாதிரி, கூட வந்தவர்களோடு மட்டும் பேசி, கட்டி வந்ததை மட்டும் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். இரண்டு நாள் தங்க வரும் வெளிநாட்டான் தெரிந்துகொண்டு போவதை, அறுபது வருஷம் தங்கிய நாம் தெரிந்துகொள்வதில்லை. அண்டை வீட்டுக் கன்னடக்கார மாமி யுகாதிக்கு ஒப்பட்டு அனுப்பினால் நாமும் தீபாவளிக்குப் பக்ஷணம் அனுப்புகிறோம். அந்தத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதை எப்படிச் செய்தீர்கள், யாரிடம் கற்றீர்கள்?" என்று கேட்டால் அங்கே ஓர் உறவு ஆரம்பமாகும். சமாதான காலத்தில் வளர்த்த அந்த உறவுதான், ஊரில் மனஸ்தாபங்கள் எழும் நாட்களில் நமக்குத் துணை நிற்கும்.

ஆகவே ஒரு யோசனை. நம் சங்கமே ஒரு சின்னக் கையேடு போடலாம். ஐம்பது பக்கம் போதும். மல்லேஸ்வரம், பசவனகுடி, சாமராஜபேட்டை, ஹலசூரு என்று பேட்டைவாரியாக இருக்கட்டும். அதற்குச் சில நிபந்தனைகள் வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு இடத்துக்கும் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரும் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவரும் சேர்ந்து போக வேண்டும். பெரியவருக்கு ஞாபகம் இருக்கும், சின்னவருக்கு நடக்கத் தெம்பு இருக்கும். இருவருக்கும் பேச ஒரு விஷயமும் கிடைக்கும்.

போன தேதியை அச்சிட வேண்டும். படிக்கிறவர் அது எத்தனை பழசு என்று தாமே தீர்மானிக்கட்டும்.

பதார்த்தத்தின் பெயரைக் கன்னட எழுத்திலும் தமிழ் எழுத்திலும் போட வேண்டும். கடைக்காரரிடம் காட்ட ஒன்று, நாம் உச்சரிக்க ஒன்று.

எந்த மாதம், எந்த நாள், எத்தனை மணி என்பது கட்டாயம். கோயிலோ தர்காவோ திருவிழாவோ ஆனால், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும், எதைப் படம் எடுக்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். நமக்கு அது வேடிக்கை, அவர்களுக்கு அது வழிபாடு.

நட்சத்திரம் வேண்டாம். சமைக்கிறவரிடம் நாலு வார்த்தை கேட்டு எழுதினால் போதும்.

கடைசியாக, மூடிப்போன இடங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். எழுபது வருஷம் ஒரு பேட்டைக்கே காபி கொடுத்த கடை மூடினால், அங்கே சாப்பிட்டவர்களின் ஞாபகத்தில்தான் அதன் சரித்திரம் மிச்சமிருக்கும். அந்த ஞாபகம் இந்தச் சபையில் நிறைய உட்கார்ந்திருக்கிறது. சொல்லத் தயாராக இருக்கிறவர்களிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இதில் இடமில்லை. இதைச் சொல்ல எனக்கும் தயக்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

சிட்டியும் தி. ஜானகிராமனும் காவேரிக் கரையோடு பயணம் செய்து 'நடந்தாய் வாழி, காவேரி' எழுதினார்கள். அந்த நதி குடகில் தொடங்கிப் பூம்புகாரில் முடிகிறது. நதிக்கு இரண்டு மாநிலமும் ஒன்றுதான். நம் குழாயில் வருவதும் அந்தக் காவேரித் தண்ணீர்தான். அதில் போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். அந்தத் தண்ணீரில் இந்த ஊர் என்னவெல்லாம் சமைக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வோமே.

கையேட்டில் பங்குகொள்ள விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பேர் கொடுக்கலாம். முதல் பேராக என் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர் பட்டியலில்தான். இருபத்தைந்துக்குட்பட்ட ஒரு துணை எனக்கு வேண்டும்.